பிழைத்தவர்கள் மட்டும் போதாது

என் முதல் மூன்று ஆய்வுக் கட்டுரைகளையும் எங்கள் துறைத்தலைவர் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். யார் பார்க்க வந்தாலும் அவற்றுக்குக் கீழேதான் உட்கார வைப்பார். நான்காவதை மட்டும் மேசைக்குக் குறுக்கே என் பக்கம் தள்ளிவிட்டார்.

"கடைசி நோயாளிய எடுத்துடும்மா. ஒரே ஒரு பத்திதான். எடுத்துட்டு வா, கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"அவர எடுத்துட்டா கட்டுரையில என்ன சார் மிச்சம்?"

"பொழச்சவங்க இருக்காங்கல்ல?"

எனக்குச் சுருக்கென்று ஏறியது. எனக்குக் கோபம் வர நேரம் காலம் கிடையாது என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. நான் மூளை அறுவை மருத்துவர். மூளைக்குள் புகும் பூஞ்சையைப் பற்றித்தான் எழுதுகிறேன், பேசுகிறேன், வீட்டில் சாப்பிடும்போதும் அதையே சொல்லி எல்லாரையும் தட்டோடு எழுந்து ஓட வைக்கிறேன். அதனால் எனக்குக் 'காளான்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுகிறார்கள். நேரில் கூப்பிட யாருக்கு நெஞ்சழுத்தம் இருக்கிறது?

விஷயம் இதுதான். பூஞ்சையின் விதைகள் காற்றில் இருக்கின்றன, நாம் எல்லாரும் மூச்சில் இழுக்கிறோம், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. யாரோ சிலருக்கு அது மூக்குக்குப் பின்னால் உள்ள அறைகளில் குடியேறி, எலும்பை அரித்து மூளைக்கு ஏறிவிடுகிறது. ஸ்கேனில் பார்த்தால் கட்டி மாதிரியே இருக்கும். அறுத்து எடுக்கும் சதையில் ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறுபாதியை வெறும் உப்புநீரிலும் போட வேண்டும். ஃபார்மலினில் போட்டதைப் பதப்படுத்தி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். உப்புநீரில் போட்டது உயிரோடு ஆய்வகத்துக்குப் போகும், பூஞ்சை இருந்தால் அங்கே வளர்ந்து காட்டிக்கொடுக்கும். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், மொத்தத்தையும் அதில் போட்டால் பிறகு எதுவும் வளராது. இதைச் சொல்லித்தான் மூன்று கட்டுரை எழுதினேன்.

கடைசி நோயாளி எங்கள் பகுதியில் ஒரு தையல்காரர். தீராத தலைவலி, ஒரு கண் வெளியே பிதுங்கியிருந்தது. துறைத்தலைவர்தான் அறுவை செய்தார். நான் அப்போது வேறு ஊரில் ஒரு மாநாட்டில் இருந்தேன். அங்கே மேடையில் நின்று "எல்லாத்தையும் ஃபார்மலின்ல போடாதீங்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த அதே காலையில், எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள்! அது துறைத்தலைவரின் கைப்பழக்கம். மூடி திறந்த பாட்டில் பக்கத்திலேயே இருக்கும், சதையைப் போட்டதும் "முடிஞ்சது" என்பார். நடுவில் வாய் திறக்க யாருக்கும் தைரியம் கிடையாது. சுவரில் மாட்டிய கட்டுரைகளை அவர் ஒருமுறையாவது படித்திருப்பாரா என்று எனக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது.

நுண்ணோக்கியில் காசநோய் மாதிரித் தெரிந்தது. காசநோய் மருந்து கொடுத்தார்கள். வீக்கம் குறைய ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடும். பூஞ்சைக்கு அது காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்ட மாதிரி. நான் திரும்பி வந்து மறுபடி சதை எடுத்து வளர்த்துப் பார்த்தபோது பூஞ்சை ரத்தக்குழாய்க்குள் போயிருந்தது. அவர் இறந்துபோனார். இதை அப்படியே எழுதினேன்.

"தையல்காரர் சம்சாரம் படிச்சா கேஸ் போடும்," என்றார் துறைத்தலைவர். "ஆராய்ச்சிக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டாங்களே, இதெல்லாம் தெரிஞ்சா போட்டாங்க? உன் பதவி உயர்வுக்கும் நான்தான் எழுதணும். மறந்துடாத."

வீட்டில் என் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். பள்ளியில் கணக்கு வாத்தியார், நிதானமான மனுஷன், அதுவே சில நேரம் எரிச்சலாக இருக்கும்.

"ஒரு பத்திதானே, விட்டுத் தொலையேன்," என்றார்.

"உங்க பசங்க தப்பா போட்ட கணக்க எல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு, எல்லாரும் நூத்துக்கு நூறுன்னு சொல்லுவீங்களா?"

"சரி, கோவப்படாத. ஆனா உங்க சார் சொன்னதுல ஒண்ணு சரிதான். அந்தம்மாவுக்கு நடந்தது தெரியணும். தெரிஞ்சப்புறமும் சரின்னு சொன்னாதான் அது சம்மதம்."

மறுநாளே அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன்.

தையல்காரரின் கடையை இப்போது அந்த அம்மாதான் நடத்துகிறார். மெஷின் மேல் பாதி தைத்த சீருடைச் சட்டை இருந்தது, சுவர் முழுக்கக் காஜா போடாத துணிகள். நான் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பூசி மெழுகவில்லை. எந்த இடத்தில் தவறு நடந்தது, யார் செய்தது, இப்போது அவரைக் கட்டுரையிலிருந்து எடுக்கச் சொல்வது யார், எல்லாம்.

"வேற மாதிரி செஞ்சிருந்தா பொழைக்க வாய்ப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு அக்கா. நிச்சயம்னு சொல்ல முடியாது. ஆனா இருந்துச்சு."

"வெளிய போங்க."

போனேன். தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். போச்சு, அவர் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார், தையல்காரர் கட்டுரையிலிருந்தும் செத்துப்போவார் என்று நினைத்தேன். அப்படிக் கேட்டால் நான் எடுத்துத்தான் ஆக வேண்டும். அது அவருடைய உரிமை.

அடுத்த நாள் காலை துறைத்தலைவரின் அறை வாசலில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது. என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க டாக்டரம்மா," என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

துறைத்தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைக் குழைத்துக்கொண்டு, "உக்காருங்கம்மா. நாங்க முடிஞ்சதெல்லாம் செஞ்சோம். விதி," என்றார்.

"விதின்னு அன்னைக்கே சொல்லிட்டீங்க சார். நானும் நம்பி, இத்தன நாளா சாமியத் திட்டிக்கிட்டு இருந்தேன். திட்ட வேண்டிய ஆளு இங்க ஏசி போட்டு உக்காந்திருக்கீங்க."

துறைத்தலைவரிடம் அப்படிப் பேசி நான் யாரையும் பார்த்ததில்லை.

"கேஸ் போடப் போறீங்களா?" என்று கேட்டார் அவர்.

"போடுவேனோ மாட்டேனோ, அது என் பாடு. இப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க. அவர எடுத்துட்டா, உங்ககிட்ட வந்தவங்க எல்லாருமே பொழச்சுட்டாங்கன்னு ஆயிடும்ல? அப்ப எம் புருஷன் எங்க செத்தாரு?"

"இது டாக்டருங்க விஷயம். உங்களுக்குப் புரியாது."

"புரியாமதான் அவர உங்க கையில குடுத்தேன்."

துறைத்தலைவர் என்னைப் பார்த்து, "நான் கையெழுத்துப் போட மாட்டேன். இதுதான் முடிவு," என்றார்.

நான் கட்டுரையின் முதல் பக்கத்தை அவர் மேசையிலேயே வைத்து, அவர் பேனாவையே எடுத்தேன். எழுதியவர்கள் வரிசையில் கடைசியாக இருந்த அவர் பெயரை அடித்தேன். அந்த வரிசையில் இருப்பவர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும். அவர் ஒரு வரிகூட எழுதாத கட்டுரை அது. முந்தைய மூன்றும் அப்படித்தான்.

"இப்ப உங்க கையெழுத்து தேவையில்ல சார்," என்றேன்.

"இந்தத் துறையில நீ எப்படி வேல பாக்கறேன்னு பாக்கறேன்!"

"பாருங்க சார். தினமும் வருவேன்."

வெளியே தாழ்வாரத்தில் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்தோம்.

"அதுல அவரு பேரு வருமா?" என்று கேட்டார்.

"வராது அக்கா. நோயாளி பேரப் போடக் கூடாது. வயசும் தொழிலும்தான் வரும்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப நல்ல தையல்காரர்னு போடுங்க. சும்மா தையல்காரர்னு போடாதீங்க. எத்தனையோ பேரு இருக்காங்க."

போட்டேன். கட்டுரையை அனுப்பிய பிறகு இதழிலிருந்து திருத்தங்கள் கேட்டுக் கடிதம் வந்தது. அட்டவணையை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். முடிவுரையைச் சுருக்கச் சொன்னார்கள், சுருக்கினேன். 'நல்ல' என்ற சொல்லுக்கு மருத்துவ ஆதாரம் இல்லை, அதை நீக்கவும் என்று மதிப்பாய்வாளர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தத் தையல்காரர் தைத்த சட்டையை என் கணவர் இன்றும் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார், ஆதாரம் வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன், சொல்லை எடுக்க மாட்டேன் என்று பதில் எழுதினேன்.