தூக்கும் பாடம்

விடியும் முன்பே வார்டில் வேலை தொடங்கிவிடும். நனைந்த விரிப்பை உருவ வேண்டும், நோயாளியைப் புரட்டித் துடைக்க வேண்டும், மலக்கோப்பையைக் கழுவ வேண்டும். செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கு வந்த பெண்கள் பேருக்குத்தான் மாணவிகள், மாடாய் உழைத்தார்கள். லோஷன் பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்திருந்தது.

அவர்களுக்குப் பாடம் தயாரித்து நடத்துபவள் டீச்சரக்கா. அவளும் ஒரு காலத்தில் விரிப்பு உருவியவள்தான். அதனால் தூக்குவதையே முதல் பாடமாக வைத்திருந்தாள். நோயாளியைத் தொடுமுன் "கை" என்று கூப்பிட வேண்டும். எதிர்ப்பக்கம் ஒருத்தி விரிப்பைப் பிடித்துக்கொண்டு "இருக்கேன்" என்று சொன்ன பிறகே தூக்கலாம். பெண்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டை எடுக்கக்கூட ஒருத்தி "கை" என்பாள். நாலு மூலையிலிருந்தும் "இருக்கேன்" வரும்.

ஆள் அதிகமென்று, ஆஸ்பத்திரியையும் பயிற்சியையும் நடத்தும் முதலாளி வார்டுக்கு ஒருத்தியாகக் குறைத்தார். அடுத்த வாரமே மாணவிகளில் ஒருத்தியான குச்சி விழுந்தாள். ஊதினால் பறக்கிற உடம்பு என்பதால் அந்தப் பெயர். கட்டிலிலிருந்து சரிந்த பெரியவரைத் தாங்கப் போய், அவரோடு விழுந்து, முதுகெலும்பு உடைந்து, இப்போது அதே வார்டில் அவளே படுத்திருந்தாள்.

"நான் கூப்பிட்டேன்க்கா," என்றாள் குச்சி. "ரெண்டு தடவ கூப்பிட்டேன். யாருமே இல்ல."

"தெரியும்டி."

"கால் எப்பக்கா அசையும்?"

டீச்சரக்காவுக்குப் பதில் தெரியும். போர்வைக்கு வெளியே கிடந்த பாதத்தை எடுத்து உள்ளே வைத்தாள். அவள் தொட்டது குச்சிக்குத் தெரியவில்லை.

அன்று முதலாளி வகுப்பறைக்கே வந்தார்.

"டீச்சர், அந்தத் தூக்குற பாடத்தை மாத்துங்க. தனியாத் தூக்குற முறைன்னு எழுதுங்க."

"தனியாத் தூக்குனதாலதான் சார் அவ படுத்திருக்கா."

"பாடத்துல முறை இருந்துச்சு, அவதான் கவனிக்கலன்னு ஆயிடும். பழி நம்ம மேல வராது."

"அவ மேல வரும்."

"பாடம் எழுத வேற ஆள் கிடைக்கும் டீச்சர். உங்க பொண்ணு படிப்பை நினைச்சுக்கோங்க."

மகளின் முகம் கண்முன் வந்து நின்றது. சாக்பீஸைக் கையில் எடுத்தவள், மேசைமேல் வைத்துவிட்டாள்.

"முடியாது சார்."

"அப்ப நாளையிலேர்ந்து வர வேண்டாம். வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று பெண்கள் பக்கம் திரும்பினார்.

பெண்கள் தலை குனிந்தார்கள். அவர்கள் சான்றிதழ் அவர் கையில் இருந்தது. டீச்சரக்காவுக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பயம் அவளுக்குப் பழகியதுதான். மனசு மட்டும் விட்டுப்போயிற்று.

குச்சியைப் புரட்டும் நேரம். தனியாகவே வார்டுக்குப் போனாள். விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தாள். எதிர்ப்பக்கம் வெறுஞ்சுவர்தான் இருந்தது. பழக்க தோஷம், வாய் சொல்லிவிட்டது.

"கை."

வாசலில் செருப்புச் சத்தம். வகுப்பில் கொட்டாவி விடுவதைத் தவிர வாயே திறக்காத தூங்குமூஞ்சி ஓடிவந்து மறு ஓரத்தைப் பிடித்தாள். பின்னாலேயே அத்தனை பேரும்.

"இருக்கேன்," என்றாள் மூச்சு வாங்க. "இனிமே எந்த வார்டுலயும் ஒருத்தியாத் தூக்க மாட்டோம், நீங்க இல்லாம வகுப்புக்கும் வர மாட்டோம்னு அவர்கிட்ட சொல்லிட்டோம்க்கா."

"என்ன சொன்னாரு?"

"எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னாரு. குச்சியைப் புரட்டிட்டு வந்து பேசுறோம்னோம்."

டீச்சரக்கா சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். நாலு பக்கமிருந்தும் "இருக்கேன்" வர, எல்லாரும் ஒன்றாகத் தூக்கினார்கள். குச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கடி," என்றாள்.