இரண்டாவது கையொப்பம்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்டியில் இரண்டு நாள் தங்கினேன். மாலை ஏழரைக்கெல்லாம் கடைகள் சாத்தியாயிற்று. அதன்பின் இந்த ஊர்க்காரர்கள் யாரோடுதான் பேசுகிறார்கள் என்று கட்டுரை எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம் போயும் அதில் ஒரு மனுஷர்கூட வரவில்லை. ஆகவே கட்டுரையைக் கதையாக்கி, கேள்வியை இராஜகுமாரி என்ற ஒருத்தியிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு அது என்னைவிட அவசரம்.

2.
(முதல் தொடக்கம்: "ஏரியின்மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தபோது..." வேண்டாம். ஏரியைப் பற்றி எழுத ஏற்கெனவே ஆள் அதிகம்.)

இரண்டாம் தொடக்கம்: இராஜகுமாரிக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் கம்பளையில் தபால் கந்தோர் ஜன்னலில் இருந்து ஊரோடு பேசியவள். கணவர் தவறிவிட்டார். கண்டியில் ஒரு மேட்டு ஒழுங்கையில் (சிறு தெரு) இருக்கும் மகள் சந்திரிகா, "எங்களோட வந்து இருங்கம்மா" என்கிறாள். கம்பளை வீட்டைக் காலி செய்வதா இல்லையா என்று வீட்டுக்காரருக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கினாள், ஊரைப் பரிசோதிக்க.

"பேச ஆள் இல்லாத ஊர்ல நான் இருக்க மாட்டேன் சந்திரிகா. ரெண்டு பேராவது வேணும்."

அன்று ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒருவர் மணி கேட்டார், அவ்வளவுதான். சனிக்கிழமை ஒழுங்கை வீடுகளின் கேட்டுகளைப் பார்த்துச் சிரித்தாள். நாய்கள் பதில் சொல்லின.

[இந்த இடத்தில் அவளைத் தோற்கடித்து ரயிலேற்றிவிட நினைத்தேன். அவள் ஏற மறுத்தாள்.]

3.
ஞாயிறு காலை அழகையா வந்தார், ஒழுங்கையின் மரண உதவிச் சங்கச் செயலாளர். (அறியாதவர்களுக்கு: ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கூடாரம், உட்காரக் கதிரை, வெள்ளைக் கொடி, தேத்தண்ணீர் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு.) புதிதாக ஒரு அம்மா வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, படிவத்தோடு வந்துவிட்டார்.

சந்திரிகா கொதித்தாள். "மூணு நாளைக்கு வந்த மனுஷிகிட்ட சாவுப் பத்திரத்தை நீட்டுறீங்களே அண்ணே!"

"கோவிக்காதீங்க தங்கச்சி. நம்ம லேன்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கிறதே சங்கக் கூட்டத்திலதான். இன்னைக்கு நாலு மணிக்கு."

இராஜகுமாரி கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். சாவு வீட்டில் முதல் இரவு கூட இருக்கச் சம்மதிக்கும் இருவர். உறவினர் கூடாது. இதே ஒழுங்கையில் குடியிருக்க வேண்டும். கையொப்பம்.

"மூணு நாளா இதத்தான் தேடுறேன் தம்பி. நீங்க அச்சடிச்சே வச்சிருக்கீங்க."

"நாலு மணிக்குள்ள தந்தா இன்னைக்கே சேர்த்துக்கலாம். இல்லாட்டி அடுத்த மாசந்தான்."

அடுத்த மாதம் அவள் கையில் இல்லை. செருப்பை மாட்டினாள்.

(அழகையாவை நான் முழுக்க நம்பவில்லை. பதவியில் ஆசை வைத்த மனுஷர். எனினும் அவர் இல்லாமல்... சரி, இருக்கட்டும்.)

4.
பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா படிவத்தைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தார்.

"யா அல்லாஹ், யாரு மௌத்து?"

"இன்னும் யாருமில்லைங்க. இனிமேத்தான். நான்தான்."

உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்கட ஆக்களுக்குப் பள்ளிவாசல்ல வேற ஏற்பாடு ஈக்கி. அதுக்கென்ன, ஒங்களோட இரிக்க எனக்கு ஏலும்." கையொப்பமிட்டார். "அதுக்காக மௌத்தாகுமட்டும் வராம இரிக்க வாணாம். நாளைக்கு டீ குடிக்க வாங்கோ."

"நாளைக்கு நான் இங்கயா கம்பளையிலயாங்கிறது ரெண்டாவது கையெழுத்துலதான் இருக்கு."

"பின்ன என்னத்துக்கு இங்க நிக்கிறீங்க? போங்கோ!"

5.
மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் எல்லாக் கேட்டுகளும் திறந்தன, பொய். இன்னொன்றில் மழை கொட்டி, படிவம் நனைந்து... கிழித்துவிட்டேன். மூன்றாவதில் நானே கையொப்பமிட்டேன். ஆனால் நான் அந்த ஒழுங்கைக்காரன் அல்ல. விதி விதிதான்.

மணி மூன்றரை. அடுத்தடுத்த நான்கு வீடுகளில் ஆளில்லை. எதிர் வீட்டின் முன் நிற்கிறாள் இராஜகுமாரி. மணியை அழுத்துகிறாள். பதிலில்லை. மறுபடி அழுத்துகிறாள். ஜன்னல் திரை அசைகிறது.

அந்த வீட்டில் யாரைக் குடிவைப்பது என்று பெயர்கள் தேடிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். அங்கே இருப்பது நீங்கள். இவ்வளவு நேரமும் திரைக்குப் பின்னால் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததும் நீங்கள்தான்.

அவள் போகிறவளாகத் தெரியவில்லை. மூன்றாம் தடவையும் மணியை அழுத்துகிறாள்.