ராத்மிலா கோச் ஆன குளிர்காலம்

டிசம்பரில் எங்கள் பயிற்சியாளருக்கு ஹங்கேரியில் வேலை கிடைத்தது. அவர் பாதி சீசனில் கிளம்பிப் போய்விட்டார். எங்கள் உஜிட்சே ஊரின் பெண்கள் கூடைப்பந்து அணி அப்போது பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடம். கடைசி இரண்டு அணிகளும் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும்.

நான் அந்த அணியின் பிசியோ. ராத்மிலாவின் வலது முழங்காலுக்கு ஐஸ் கட்டிக்கொண்டிருந்தபோது கிளப் தலைவர் செதோமிர் உள்ளே வந்தார். ஊரில் பேக்கரி வைத்திருப்பவர். மேல்கோட்டில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும்.

"ராத்மிலா, டீமை நீயே எடுத்துக்கோ."

"எடுத்துக்கிட்டா ஆடறது யாரு? நீங்களா?"

"உன் முழங்கால் ஆடற லட்சணத்தை நான் பார்க்கலையா? சும்மா சொல்லு, சம்மதமா இல்லையா?"

போலந்திலும் துருக்கியிலும் பல வருடங்கள் ஆடிவிட்டு சொந்த ஊருக்குத் திரும்பியவள் ராத்மிலா. முப்பத்தைந்து வயதிலும் அணியில் அதிகப் புள்ளி எடுப்பவள் அவள்தான். என் பக்கம் திரும்பினாள்.

"இது இன்னும் எவ்வளவு நாள் ஓடும்? பொய் சொல்லாத."

"மார்ச் வரைக்கும் தள்ளலாம். அதுக்கப்புறம் மாடிப்படி ஏற ஆள் வேணும்" என்றேன்.

மறுநாள் காலை கழுத்தில் விசிலோடு வந்து நின்றாள். பெண்கள் கைதட்டினார்கள். ஆட்டத்தை நடத்தும் கார்டு இடத்தில் ஆடும் துன்யா மட்டும் குனிந்து வணங்கி, "கோச், இனிமே உங்களை நீங்க வாங்கன்னு கூப்பிடணுமா?" என்று கேட்டாள். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாக ஆடியவர்கள். ராத்மிலாவின் மகளுக்கு ஞானத்தாய் துன்யாதான். எங்கள் பக்கம் அது ரத்த உறவைவிடக் கெட்டியான உறவு.

முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி. போட்டிகளில் ஆடுவதை நிறுத்திவிட்டாலும் ராத்மிலாவால் களத்தை விட்டு வெளியே வர முடியவில்லை. பயிற்சியில் யாராவது தப்பாகப் பந்து எறிந்தால், ஷூவை மாட்டிக்கொண்டு தானே இறங்கிவிடுவாள். பந்தைப் பிடுங்கி, மூன்று பேரைத் தாண்டிப் போய்க் கூடைக்குள் போட்டுவிட்டு, "இவ்வளவுதான், என்ன கஷ்டம்?" என்பாள். போட்டியின்போது ஓரத்தில் நின்று ஒவ்வொரு பந்துக்கும் கத்துவாள். இஸ்கிரா என்று பத்தொன்பது வயதுப் பெண், அணியிலேயே உயரமானவள். கையில் பந்து வந்ததும் கூடையைப் பார்க்காமல் ராத்மிலாவின் முகத்தைப் பார்ப்பாள். அதற்குள் எதிரணிக்காரி பந்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. துன்யாவின் கால்களில் பழைய வேகம் இல்லை. எல்லா அணிகளும் அவள் பக்கமாகவே புகுந்து போயின. எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் ராத்மிலா பலகையில் மறுநாள் இறங்கும் ஐந்து பெயர்களை எழுதினாள். துன்யாவின் இடத்தில் தெயோதோரா என்ற சின்னப் பெண்ணின் பெயர் இருந்தது. எழுதிவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

சனிக்கிழமையும் தோற்றோம், ஆனால் நாலே புள்ளி வித்தியாசத்தில்.

திங்கட்கிழமை புனித யோவான் நாள். துன்யா வீட்டின் குலப்புனிதர் அவர்தான், அன்று அவர்கள் வீட்டில் விருந்து. இந்த விருந்துக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, நாமே போக வேண்டும். போகாவிட்டால்தான் அவமானம். நானும் ராத்மிலாவோடு போனேன். வாசலில் காரை நிறுத்திவிட்டு, மடியில் வைன் பாட்டிலோடு ராத்மிலா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"கறிக்கத்தியோட வருவாளா?"

"வந்தா நான் கட்டுப் போடறேன், இறங்கு."

துன்யாவின் அப்பா மிலோயே ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்ததுமே, "வாம்மா கோச்! என் பொண்ணை உட்கார வச்ச மகராசி நீதானே? மொதல்ல புனிதருக்குப் படைச்ச கோதுமை ஒரு ஸ்பூன் எடுத்துக்கோ, சண்டை அப்புறம்" என்று சத்தமாக வரவேற்றார். மேசை முழுக்கச் சுட்ட பன்றிக்கறியும், புளிக்கவைத்த கோஸ் இலையில் சுருட்டிய கறியும். துன்யா எல்லோர் தட்டிலும் தாராளமாக வைத்துக்கொண்டே வந்தாள். ராத்மிலாவின் தட்டில் மட்டும் ஒரு எலும்பு விழுந்தது.

"பெஞ்சுல இருக்கறவங்களுக்கு இவ்வளவுதான் வரும்."

மேசையே சிரித்தது. ராத்மிலா அந்த எலும்பை மறுபேச்சில்லாமல் கடித்தாள்.

பிறகு சமையலறையில் நாங்கள் மூவரும் பாத்திரம் துடைத்தோம். துன்யாதான் ஆரம்பித்தாள்.

"உட்கார வச்சது வலிக்கலடி. என் கால் எனக்குத் தெரியாதா? பலகையில எழுதிட்டு ஓடினே பாரு, அது வலிச்சுது."

"சொல்லத்தான் வந்தேன். வாய் வரலை."

"என்கிட்டயே வாய் வரலைன்னா அந்தப் புள்ளைங்ககிட்ட எப்படி வரும்? கத்த மட்டும் வருது. நீ கத்தறப்போ இஸ்கிராவுக்குக் காது அடைச்சுப்போகுது. உனக்கு இன்னும் நீயே ஆடணும். நாங்க எல்லாம் உனக்குக் கூடுதல் கை, அவ்வளவுதான்."

ராத்மிலா துணியை மடித்து வைத்தாள். "ஆமாம்" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து பயிற்சிக்குக் குதிகால் வைத்த தோல் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தக் குதிகாலோடு ஆடுகளத்தின் மரத்தரையில் கால் வைத்தால் அரங்கக் காவலாளி சும்மா விடமாட்டார். பலகையில் பெயர் எழுதும் முன் ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். சிலர் அழுதார்கள். ஒருத்தி கதவை அறைந்துவிட்டுப் போய், மறுநாள் வந்தாள். வெற்றிகளும் மெல்ல வரத் தொடங்கின.

கடைசி ஆட்டம் எங்கள் ஊரில். ஜெயித்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பிப்போம். முடிவு நெருங்கும்போது தெயோதோரா ஐந்தாவது ஃபவுல் செய்து விதிப்படி வெளியேற, துன்யா இறங்கினாள். நாங்கள் ஒரு புள்ளி பின்னால். ராத்மிலா ஒரு நிமிட இடைவேளை கேட்டு, பந்து இஸ்கிராவிடம் போகும்படி வரைந்து காட்டினாள். "அங்க வேற மாதிரி தெரிஞ்சா, உங்களுக்குத் தெரியறதைச் செய்யுங்க" என்றாள்.

வேறு மாதிரிதான் ஆயிற்று. இஸ்கிராவை இரண்டு பேர் மறித்தார்கள். அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. பந்தைத் துன்யாவுக்கு எறிந்தாள். துன்யா எறிந்தது வளையத்தில் பட்டுத் தெறித்தது. என் பக்கத்தில் ராத்மிலா தன் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்திருந்தாள். ஒரு சத்தம் வரவில்லை. இஸ்கிரா கூட்டத்துக்கு மேலே எழும்பித் தெறித்த பந்தைப் பிடித்து உள்ளே போட்டாள். மணி அடித்தது.

எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். ராத்மிலாவைக் காணவில்லை. தேடிப் போனபோது காலியான உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"இனிமே நான் ஆட மாட்டேன், இல்ல?"

"மாட்டே."

அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். செதோமிர் தட்டுத் தட்டாகக் கறி அடைத்துச் சுட்ட சூடான புரெக் கொண்டுவந்திருந்தார். அவள் கையில் ஒரு துண்டைத் திணித்து, "அடுத்த வருஷமும் நீதானே?" என்று கேட்டார்.

"இஸ்கிராவுக்குத் துணையா இன்னொரு உயரமான பொண்ணு வேணும்" என்றாள் ராத்மிலா, வாய் நிறைய புரெக்கோடு. "துஸ்லாவுல ஒருத்தி இருக்கா. ஞாயித்துக்கிழமை வண்டி எடுங்க, போய்ப் பார்த்துட்டு வருவோம்."