மாப்பிள்ளையை இறக்கிய காலை

விடிவதற்கு முன்பே பிலவேந்திரனின் முதுகு நனைந்துவிட்டது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய பனி கச்சிராயபாளையம் சாலையை மூடிக் கிடக்க, அரிசி மில்லுக்குள் பாய்லர் அடுப்பின் வாய் மட்டும் செக்கச்செவேலென்று திறந்திருந்தது. உமி, விறகைப் போல நின்று எரியாது. புஸ்ஸென்று பிடித்து, கண் மூடித் திறப்பதற்குள் சாம்பலாகிவிடும். அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உமித்தூசு வியர்வையில் ஒட்டிக் கழுத்தெல்லாம் அரித்தது. சொறிய நின்றால் பிரஷர் மீட்டரின் முள் இறங்கும்.

அவன் மனைவி ஆனந்தமேரி அவியல் தொட்டிகளின் பக்கம் நின்றாள். பாய்லரின் நீராவி குழாய் வழியாக அந்தத் தொட்டிகளுக்குள் போய் ஊறிய நெல்லை அவிக்கும். அவிந்த நெல்லைச் சுடச்சுடக் கூடையில் வாரிக் களத்துக்குத் தூக்க வேண்டும். சுபைரின் ஷேர் ஆட்டோவில் கருணாபுரத்திலிருந்து நெருக்கியடித்து வந்திறங்கிய பெண்கள் கூடையும் கையுமாகக் காத்திருந்தார்கள்.

"ஆல்பின் அப்பா! தொட்டி ரொம்பி எம்மா நேரமாவுது. ஸ்டீம் வுடலியா?" என்று ஆனந்தமேரி புருஷனுக்குக் குரல் கொடுத்தாள்.

"வருது, வருது. பறக்காத."

"மாப்ள குந்திக்கினாரா?" என்று இருசம்மாள் கேட்டாள்.

"அவுரு எப்ப எழுந்தாரு, புதுசா குந்தறதுக்கு?"

பெண்கள் சிரித்தார்கள். இந்த மாப்பிள்ளை யார் என்று சொல்லிவிட வேண்டும். பாய்லரின் தலையில் சேஃப்டி வால்வு இருக்கிறது. அதை ஒரு நீளமான கம்பி அழுத்திக்கொண்டிருக்கும். கம்பியின் நுனியில் அளவான ஓர் எடைக்கல். உள்ளே அழுத்தம் மீறினால் கம்பி தானாக எழும்பும், ஆவி வெளியேறும், ஆட்கள் பிழைப்பார்கள். அந்தக் கம்பி எழும்பாதபடி எடைக்கல்லோடு சேர்த்து ஒரு பழைய பல்சக்கரமும் கம்பியில் கட்டித் தொங்கியது. வேலை வெட்டி இல்லாமல் மேலே உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் விரட்டுவதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

அதைக் கட்டியது முதலாளி அல்ல. பிலவேந்திரனும் இந்தப் பெண்களும்தான்.

போன அறுவடை வரை நாள் கூலி. பிறகு முதலாளி சின்னதுரை அதை அவியல் கூலி ஆக்கினார். எத்தனை அவியல் இறங்குகிறதோ அதற்குத்தான் காசு. கூலிக்கும் நேரத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் போனதும், வேலை தொடங்கவும் முடியவும் ஊதிவந்த மில் சங்கும் வேண்டாம் என்றார். ஆவி வீணாகிறதாம். சங்கை இழுக்கும் சங்கிலியைக் கழற்றி கேட்டில் கட்டிப் பூட்டுப் போட்டார். அதன்பின் வால்வு ஒரு தடவை ஆவியைக் கக்கினாலும் பெண்களுக்கு வயிறு எரிந்தது. போவது அவர்களுடைய அவியல் அல்லவா? கடைசியில் ஒருநாள் எல்லோருமாகச் சேர்ந்துதான் அந்தப் பல்சக்கரத்தைத் தேடியெடுத்துக் கட்டினார்கள்.

அது சின்னதுரையின் தாத்தா வாங்கிய நீராவி எஞ்சினின் துண்டு. அதே எஞ்சினின் பெரிய சக்கரம் மில் வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி கதை சொல்வார்: கடல் கடந்து கப்பலில் வந்தது, விழுப்புரம் வரை ரயிலில் வந்தது, அங்கிருந்து மாட்டு வண்டியில் வந்தது, கப்பலை ஓட்டியதும் ஸ்டீம், ரயிலை இழுத்ததும் ஸ்டீம், இந்த ஜில்லாவுக்கே சோறு போட்டதும் ஸ்டீம். கரண்டு வந்து எஞ்சினை ஓரங்கட்டிவிட்டாலும் நெல்லை அவிக்க இன்றைக்கும் ஸ்டீம்தான் என்று முடிப்பார். எல்லாம் சரிதான். அந்த எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவன் யார் என்று கேட்டால் மட்டும் அவருக்குத் தெரியாது. பிலவேந்திரனின் தாத்தாதான் அள்ளினார். அவருக்கு ஒரு பூவும் கிடைக்கவில்லை. அந்தச் சக்கரத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிலவேந்திரனுக்கு எரிச்சல்தான் வரும்.

வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் அது நடந்தது. இருசம்மாள் உமிக் கூடையோடு பாய்லர் ஓரமாக வந்தாள். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் பட்டென்று வெடித்தது. வெள்ளையாக ஒரு சீற்றம். அவள் அலறல் கேட்டது, ஆள் தெரியவில்லை. பிலவேந்திரன் ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு பாய்ந்து குழாயின் திருகை மூடினான். ஆவி விலகியபோது இருசம்மாள் தரையில் புரண்டுகொண்டிருந்தாள். கழுத்திலும் கையிலும் தோல் வழன்றிருந்தது.

சுபைர் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பறந்தான். கூடை தூக்கும் பச்சையம்மாள் துணைக்குப் போனாள். இருசம்மாளுக்கு அழுகை கூட வரவில்லை, பல் கிட்டித்துக்கொண்டிருந்தது.

சின்னதுரையின் கார் வந்தபோது உமி போடுவது நின்றிருந்தது. ஆனால் அடுப்பில் கிடந்த நெருப்பு இன்னும் தகதகத்தது. மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியே நின்றது.

"ஏன்யா நிறுத்தன? சாயந்தரம் லோடு போவணும்."

"கண்ணாடி வெடிச்சிடுச்சி மொதலாளி."

"அந்தப் பக்கம் இன்னொரு கண்ணாடி இருக்குதில்ல, அதப் பாத்து ஓட்டு. வேடிக்க பாத்துக்கினு நடந்தா சுடத்தான் செய்யும்."

"அவ வேடிக்க பாக்கல. பிரஷரு ஜாஸ்தி. வால்வுல எட கட்டியிருக்குது. அத இறக்கணும்."

சின்னதுரை நிமிர்ந்து பார்த்தார். ஆறு மாதமாகப் பார்த்ததுதான். இன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"யாரு கட்டனது? நான் கட்டனேனா?"

பெண்கள் பிலவேந்திரனைப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க. நான் கட்டச் சொன்னேனா? நாளைக்குக் கேஸுன்னு வந்தா மொதல்ல உள்ள போறது நீதான் பிலவேந்திரா. கம்முனு வேலையப் பாரு. இல்லன்னா சொல்லு, திண்டிவனத்துலேர்ந்து ஆளு வருவான்."

முடிச்சுப் போட்டது பிலவேந்திரனின் கை. இருசம்மாளின் அலறல் இன்னும் காதில் இருந்தது. தலை குனிந்து மண்வெட்டியை எடுக்கப் போனான்.

"வையி அத," என்றாள் ஆனந்தமேரி.

அவளுக்கும் பயம்தான். ஆனாலும் முன்னால் வந்தாள்.

"நாங்கதான் கட்டனோம் மொதலாளி. அவுரு மட்டும் இல்ல, நானுந்தான் ஏணியப் புடிச்சிக்கினேன். இருசம்மாதான் கம்பி எடுத்தாந்து குடுத்தா. நாள் கூலியில இருக்கசொல்ல ஏன் கட்டல? அத அவியல் கூலியா மாத்தனது யாரு?"

"அதுக்காக உயிர வுடச் சொன்னேனா?"

"எங்க தெருவுல விஷச் சாராயத்துல அத்தினி பேரு செத்தாங்க. அப்பவும் வந்தவங்கல்லாம், ஏன் குடிச்சீங்கன்னுதான் கேட்டாங்க. இப்ப நீங்க, ஏன் கட்டனீங்கங்கறீங்க. எங்களக் கேக்கறதுக்கு எல்லாருக்கும் வாய் இருக்குது."

பெண்கள் கூடைகளைக் கீழே போட்டார்கள். ஒவ்வொன்றாக அவை விழும் சத்தம் கேட்டது. சின்னதுரையின் முகம் கறுத்தது.

"ரொம்பப் பேசாத. எல்லார் வேலைக்கும் சங்கு ஊதிடுவேன்."

ஆனந்தமேரி அவரையே பார்த்தாள். பிறகு பாய்லரின் தலையில் துருப்பிடித்து நின்ற சங்கைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எதுக்கு மொதலாளி சிரமம்? நாங்களே ஊதிக்கறோம்."

பிலவேந்திரனுக்கு உடனே புரிந்தது. அழுத்தம் இப்படி நிற்கும்போது மாப்பிள்ளையைத் தூக்கினால் வால்வு ஒரேயடியாகத் திறந்து, தூக்குகிறவனை வேகவைத்துவிடும். முதலில் ஆவியை இறக்க வேண்டும். அதற்குச் சங்கைவிட நல்ல வழி இல்லை.

காருக்காகத் திறந்த கேட்டில் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. ஆனந்தமேரி ஓடிப்போய் உருவிக்கொண்டு வந்தாள். பிலவேந்திரன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினான்.

"இறங்குடா! போலீசக் கூப்புடுவேன்!"

"கூப்புடுங்க மொதலாளி. மீட்டரையும் வந்து பாக்கட்டும்."

சங்கின் கொக்கியில் சங்கிலியை மாட்டிவிட்டு அவன் இறங்கினான். அவனாகவே இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. சங்கிலியை நீட்டிப் பிடித்தான்.

"முடிச்சு எல்லாருந்தான போட்டோம்? எல்லாரும் புடிங்க."

கைகள் வந்தன. அவிந்த நெல் சுட்டுக் காய்ப்பேறிய கைகள். சேர்ந்து இழுத்தார்கள்.

முதலில் துரு உதிர்ந்தது, பிறகு கொஞ்சம் தண்ணீர் தெறித்தது. அதன்பின் சங்கு தொண்டை கமறி, அடிவயிற்றிலிருந்து எழுந்து, ஓ என்று பனியைக் கிழித்துக்கொண்டு போனது. வேலை தொடங்கும் நேரமும் இல்லை, முடியும் நேரமும் இல்லை. நெல் வயல்களைத் தாண்டி, சாலையோர மில்களைத் தாண்டி அந்தக் குரல் போனது. சின்னதுரை காதைப் பொத்திக்கொண்டு வாயை அசைத்தார்; ஒன்றும் கேட்கவில்லை. மீட்டர் முள் இறங்க இறங்க ஆனந்தமேரிக்குக் கண்ணீர் வழிந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது, மூச்சு வந்ததுபோல இருந்தது.

முள் அடங்கியபின் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு, மாப்பிள்ளையையும் அவிழ்த்து இறக்கினார்கள். நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்ற சக்கரத்தின் காலடியில் போட்டார்கள்.

"எல்லாரும் வெளிய போங்க! வாட்ச்மேன், கேட்டப் பூட்டு!"

"எப்பிடிங்க பூட்டறது?" என்றார் வாட்ச்மேன். "சங்கிலி அவங்க கையில கீதுங்களே."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு வெளியே வந்து சாலையோரத்தில் உட்கார்ந்தார்கள். நாள் கூலி திரும்ப வேண்டும், இருசம்மாளின் வைத்தியம் மில்லுடையது, வால்வில் இனி ஒன்றும் தொங்கக்கூடாது. அதுவரை அடுப்பு எரியாது என்று பேசி முடித்தார்கள். நாளைக்குச் சோற்றுக்கு என்ன செய்வது என்பதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிவைத்தார்கள். சின்னதுரை உள்ளே போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

சுபைரின் ஆட்டோ திரும்பி வந்தது. "உசுருக்கு ஒண்ணும் இல்லன்னாங்க. கைதான் ஆற நாளாவுமாம்," என்றான்.

சங்குச் சத்தத்துக்குக் கூடியிருந்த அக்கம்பக்கத்து ஆட்களில் ராசுவும் இருந்தான். அடுத்த மில்லில் பாய்லர் பார்ப்பவன். வாசலுக்குள் எட்டி, கிடந்த பல்சக்கரத்தை வெகுநேரம் பார்த்தான்.

"எங்க மில்லுலயும் ஒருத்தரு குந்திக்கினு இருக்காருண்ணே," என்றான் மெதுவாக. "நாங்க அவர மச்சான்னு கூப்புடறோம்."

"சங்கு இருக்குதா அங்க?"

"இருக்குது. சங்கிலியத்தான் கழட்டிட்டாங்க."

பிலவேந்திரன் ஆனந்தமேரியைப் பார்த்தான். அவள் மடியிலிருந்த சங்கிலியை எடுத்து, முந்தானையால் துரு துடைத்து, ராசுவின் கையில் கொடுத்தாள். அவன் அதைச் சுருட்டிக்கொண்டு தன் மில்லுக்கு ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஜீப் தூரத்து வளைவில் திரும்புவது தெரிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. நெருக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஜீப் நின்று கதவு திறந்த நேரத்தில், அடுத்த மில்லிலிருந்து சங்கு ஊதியது.