வழக்கமாக எழுதும் வரி

அரியலூர் கோர்ட்டு வாசலில் பதினெட்டு வருஷமாக மனு எழுதுகிறேன். குருநாதன் எழுதினால் எப்பேர்ப்பட்ட அதிகாரிக்கும் மனசு இளகும் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் எனக்குக் கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்தைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

நாற்பத்தாறாம் வருஷம். சண்டை முடிந்தும் பஞ்சம் முடியாத காலம். விக்கிரமங்கலத்திலிருந்து பூங்காவனம் என்ற பெண் என்னைத் தேடி வந்தாள். எட்டு வயசு மூத்த மகள் பஞ்சவர்ணத்தைக் கையில் பிடித்திருந்தாள். நாலு வயசுச் சாந்தா இடுப்பில். புருஷன் அய்யாக்கண்ணு செந்துறைப் பக்கத்துக் குடியானவன். கிணறும் மூன்று காணி புஞ்சையும் உள்ளவன். அவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்ததும் பஞ்சாயத்துக் கூடிப் புருஷன் பெண்டாட்டி உறவைத் தீர்த்துவிட்டார்கள். அவர்கள் வழக்கப்படி, விலக நினைப்பவர் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட வேண்டும். கிள்ளியவர் எதுவும் கேட்க முடியாது. அவன் சாமர்த்தியமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் ஆத்திரத்தில் துரும்பை எடுத்துத் தானே கிள்ளி அவன் மேல் வீசியிருக்கிறாள்.

"நீதான கிள்ளின, புள்ளைங்கள நீயே வச்சுக் காப்பாத்திக்கன்னுட்டாங்க ஐயா," என்றாள். "எனக்குன்னு நான் ஒண்ணும் கேக்கல. இதுங்க வவுத்துக்கு அவன் எதாச்சும் குடுக்கணும்ல?"

"துரும்புக்கெல்லாம் கோர்ட்டுல மதிப்பில்லம்மா. பெத்தவன் ஜீவனாம்சம் குடுத்துத்தான் ஆவணும்," என்றேன். அது பொய்யில்லை. அந்த அளவில் நிறுத்தியிருக்கலாம்.

எந்த ஏழை வந்தாலும் மனுவின் கடைசியில் நான் ஒரு வரி சேர்ப்பேன். கை தானாக எழுதிவிடும். 'குழந்தைகள் பட்டினியால் சாகும் தறுவாயில் இருக்கிறார்கள். அவர்களை வைத்துக் காப்பாற்ற மனுதாரருக்குச் சக்தி கிடையாது.' எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"சாவுற மாதிரியெல்லாம் நான் வுடலீங்களே," என்றாள் சங்கடத்தோடு. "கடலை உடைக்கப் போறேன், வரகு குத்தப் போறேன். ஒரு வேளையாச்சும் ஊத்திடுவேன்."

"அப்படி எழுதினா ஒரு சல்லி கெடைக்காது. நான் சொல்றதக் கேளு."

கைநாட்டு வைத்தாள். அவளுக்கு என்ன தெரியும்? தெரிந்தவன் நான்.

விசாரணைக்கு அய்யாக்கண்ணு வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். அவனுடைய வக்கீல் என் வரியை நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை படித்தார். காப்பாற்றச் சக்தியில்லை என்று தாயே ஒப்புக்கொள்கிறாள். தகப்பன் வீட்டில் கம்பு இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது. இன்றைக்கே கூட்டிப்போகத் தயார் என்றார். மாஜிஸ்திரேட் பூங்காவனத்திடம், இது உன் கைநாட்டுத்தானே என்று கேட்டார். ஆமாங்க என்றாள். தகப்பன் வைத்துச் சோறு போடுகிறேன் என்னும்போது தனியாக ஜீவனாம்சம் கேட்க இடமில்லை என்று மனு தள்ளுபடியாயிற்று. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அய்யாக்கண்ணுவுக்குப் பிள்ளைகள் மேல் பாசம் பொங்கிவிடவில்லை. புதுப் பெண்டாட்டிக்குக் கைக்குழந்தை. தொட்டில் ஆட்டவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் சம்பளமில்லாத ஆள் அவனுக்கு வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

பூங்காவனம் அவன் காலில் விழுந்தாள். "நீ ஒண்ணும் குடுக்க வேணாம். நான் கேக்கவே இல்லன்னு வச்சுக்க. புள்ளைங்கள வுட்டுடு."

"முடியலன்னு நீதான எழுதிக் குடுத்த? நாளைக்கு இதுங்க செத்துப்போச்சுன்னா பழி எம்மேல வரும்," என்றான்.

நான் குறுக்கே போனேன். "புள்ளைங்கள ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு ஒண்ணும் போடலியேப்பா," என்றேன்.

அவனோடு வந்திருந்த பங்காளிகளில் ஒருவன் சிரித்தான். "எழுதினவரே நீங்கதான ஐயா."

பூங்காவனத்தின் இடுப்பிலிருந்து சாந்தாவை அவர்கள் பிரித்தெடுத்தபோது தாயின் சேலைத் தலைப்புக் கிழிந்தது. அவர்கள் வந்த மாட்டு வண்டி தெருக்கோடி திரும்பின பிறகும் அந்தக் குழந்தையின் அழுகை கேட்டது. பஞ்சவர்ணம் அழவில்லை. நீயே குடுத்துட்டியா என்று கேட்பதுபோல் தாயையே பார்த்துக்கொண்டு போனாள்.

மறுவாரம் பூங்காவனம் மறுபடியும் வந்தாள். செந்துறைக்கு நடந்துபோய், வாசலிலேயே விரட்டப்பட்டுத் திரும்பியிருந்தாள். இன்னொரு மனு எழுதச் சொன்னாள். இங்கே இனி ஒன்றும் நடக்காது, பிள்ளைகளைத் திருப்பிக் கேட்பதென்றால் திருச்சிராப்பள்ளி ஜில்லாக் கோர்ட்டுக்குப் போக வேண்டும், அதற்கு வக்கீல் வேண்டும், பணம் வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னேன்.

"பரவால்ல, எழுதுங்க," என்றாள்.

காசு வாங்காமல் காகிதத்தை எடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"நான் சோறு போட்டேன்னு எழுதுங்க. எங்கிட்ட இருந்த கடைசி வாரம் என்னென்ன போட்டேன்னு சொல்றேன். ஞாயித்துக்கெழம கேவுரு கூழு. திங்கக்கெழம வரகுச் சோறு, பெரியவளுக்கு மட்டும் ஒரு துண்டு கருவாடு. செவ்வாக்கெழம நொய்க்கஞ்சி."

எழுதிக்கொண்டே போனேன்.

"புதங்கெழம?" என்றேன்.

"தண்ணி குடுத்துப் படுக்க வச்சேன்."

பேனாவை நிறுத்தினேன். "அத வுட்டுடலாம்மா. கஞ்சின்னே போட்டுக்கறேன்."

"வேணாங்க ஐயா," என்றாள். "இந்தத் தடவ உள்ளதையே எழுதுங்க."