பேட்டரிக்கு ஓர் இடம்

கராஜின் நடுவில் வண்டி பெயிண்ட் இல்லாமல் வெற்று இரும்பாக நின்றது. 1932-ஆம் வருடத்து ஃபோர்டு கார். பழைய எஞ்சினை எடுத்துவிட்டு அகலமான வி-எய்ட் ஒன்றை ஹாலிஸ் இறக்கியிருந்தான். அதன் புகைக்குழாய், ஓட்டுபவர் காலடியில் பேட்டரி இருந்த இடத்தை உரசிக்கொண்டு போனது. அந்தச் சூட்டில் பேட்டரி வெந்துவிடும். வேறு இடம் பார்த்தாக வேண்டும், அதுவும் இன்றைக்கே. நாளைக் காலையில் பழைய கார் க்ளப் ஆட்கள் வந்து பாடியைத் தூக்கிக் கொடுப்பார்கள், அடியிலுள்ள சேஸிஸ் சட்டம் பெயிண்டுக்குப் போய்விடும். ஓட்டைகளையெல்லாம் அதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பெயிண்ட் அடித்த சேஸிஸில் ட்ரில் வைக்கிறவனை பேக்கர்ஸ்ஃபீல்டில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

பேட்டரி அளவில் அட்டைப்பெட்டி ஒன்றைச் செய்து, இடத்தை நீயே சொல் என்று ஹாலிஸ் மனைவி லூயெல்லாவிடம் கொடுத்துவிட்டான். ஒரு திருகாணியைக்கூட அவளைக் கேட்டு முடுக்காதவன். அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு அவள் காலையிலிருந்து வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எஞ்சினுக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே மாட்டுவது சுலபம். ஆனால் பேட்டரி வெளியில் தெரியும். வேலி ஓரமாக வந்து நின்ற பக்கத்து வீட்டு பாய்ட் அதை அங்கேயே முடித்து வைத்தான். "அங்க மாட்டு லூ. அப்படியே பின்னாடி ஒரு கலப்பையையும் கட்டிக்க. ட்ராக்டர்னு நம்புவாங்க."

மிஞ்சியது இரண்டு இடங்கள். ஒன்று, முன்னால் அவள் உட்காரும் பக்கத்துத் தரைக்கு அடியில். அப்படி வைத்தால் தரையை நாலு விரற்கடை உயர்த்த வேண்டும். முழங்கால் மடங்கியே இருக்கும். அவளுடைய முழங்கால் போன வருடத்திலிருந்தே சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. இன்னொன்று பின்னால், டிக்கி சீட்டில் கால் வைக்கும் பள்ளம். டிக்கியின் மூடியைத் திறந்தால் அதுவே திறந்தவெளி சீட்டாக விரியும். பள்ளத்தில் பேட்டரி வந்துவிட்டால் அப்புறம் அங்கே யாரும் உட்கார முடியாது.

அது மகள் மாரினின் சீட். சின்ன வயதில் க்ளப் ஊர்வலங்களுக்கெல்லாம் அவள் அங்கே உட்கார்ந்துதான் வருவாள். இப்போது போர்ட்லண்டில் இருக்கிறாள். அக்டோபர் ஊர்வலத்துக்கு வா என்று கூப்பிட்டதற்குப் பார்க்கலாம் என்றிருந்தாள். பார்க்கலாம் என்றால் என்ன என்பது லூயெல்லாவுக்கு விளங்கவில்லை. வராத மகளுக்காக சீட்டைக் காப்பாற்றுகிறோமா, அல்லது சீட்டை வைத்து மகளைப் பிடித்து வைக்கப் பார்க்கிறோமா? யோசிக்க யோசிக்க இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தது. பெட்டியைப் பின்னால் வைத்தாள், ஏதோ கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. எடுத்து முன்னால் வைத்தாள், முழங்கால் இப்போதே வலிப்பதுபோல் இருந்தது.

மதியம் மகளுக்குப் போன் செய்தாள். பேட்டரி விஷயத்தை மட்டும்தான் சொன்னாள். ஊர்வலத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்த சீட்டையா இன்னும் வச்சிருக்கீங்க?" என்றாள் மாரின். "எனக்கு அங்க பயமா இருக்கும்மா. நீங்க ரெண்டு பேரும் முன்னாடி பேசிட்டுப் போவீங்க. தலை ஆடுறது தெரியும். ஒண்ணும் கேக்காது."

"சிரிச்சிட்டே வருவியேடி."

"அந்தக் காத்துல வாயைத் திறந்தாலே சிரிக்கிற மாதிரிதான் இருக்கும்."

"சொல்லியிருக்கலாமே."

"கத்தினேம்மா."

வந்தால் முன்னால்தான் உட்காருவேன் என்றும் சொன்னாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

லூயெல்லா சமையலறையிலேயே நின்றாள். இனி பெட்டியைப் பின்னால் வைப்பதில் தடை ஒன்றும் இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் முன்னைவிடக் குழப்பம் கூடியிருந்தது. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் வாய் நிறையச் சிரித்த அந்தக் குழந்தையை இனி எந்த முகத்தோடு நினைத்துக்கொள்வது?

கராஜுக்குப் போனவள் பின் சக்கரத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு டிக்கி சீட்டில் ஏறினாள். முழங்கால் முனகியது. இத்தனை வருடத்தில் அங்கே அவள் உட்கார்ந்ததே இல்லை. முன் சீட்டின் முதுகு ஒரு சுவர்போல் நின்றது. பள்ளம் ஆழமாக இருந்தது, காலை நன்றாக நீட்ட முடிந்தது.

"ஹாலிஸ், முன்னாடியே போட்டுடு. என் காலடியில."

அவன் ட்ரில்லைக் கீழே வைத்தான். "உன் முட்டி?"

"முன்னாடி மாரின் உக்காருவா. நான் இங்க."

"வர்றேன்னு சொல்லிட்டாளா?"

"முன்னாடிதான் உக்காருவாளாம்."

அவன் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கு அது போதுமாக இருந்தது. மகளுக்கு ஒன்றும் தெரியாது, அவளுடைய அம்மா பின்னால் உட்கார்ந்தால் ஊர்வலத்தில் எல்லோரும் ராணி என்று கும்பிடுவார்கள் என்று ஏதோ சொல்லிக்கொண்டே முன்பக்கத் தரைக்குள் குனிந்தான். ட்ரில் இரும்பில் இறங்கியது. கராஜ் முழுக்க அலறியது.

முதல் ஓட்டை பாதியில் இருக்கும்போது லூயெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. மகள் வருவாளா என்று தெரியாது, அவள் சொல்லவே இல்லை, நான்தான் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஹாலிஸ் தலையைத் திருப்பினான். அவளுடைய திறந்த வாயைப் பார்த்தான். அவனும் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு குனிந்து முதல் ஓட்டையை முடித்துவிட்டு அடுத்ததற்கு ட்ரில்லை நகர்த்தினான்.