துடைத்த மரம்

லுகாவிட்சாவில் யார் செத்தாலும் யாரும் யாருக்கும் போன் போட மாட்டார்கள். கறுப்புக் கரை போட்ட தாளில் செத்தவரின் படம், பெயர், அடக்கம் செய்யும் நேரம் எல்லாவற்றையும் அச்சடித்து, மருத்துவ நிலையத்துக்கு எதிரே நிற்கும் லிண்டன் மரத்தில் ஒட்டிவிடுவார்கள். ஊர் அதைப் பார்த்துவிட்டுத் தானாக வரும். கல்யாணத்துக்குத்தான் அழைப்பு. சாவுக்கு அழைத்தால் பிச்சை கேட்ட மாதிரி.

யெலிட்சாவின் அப்பா தெசிமிர் காலைக் காப்பிக்கு முன்னால் அந்த மரத்தைப் படித்துவிட்டு வருகிற ஆள். ஜென்மப் பகையாளியின் பெயர் இருந்தாலும் கோட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்புவார். நாம் போனால்தான் நமக்கு நாலு பேர் வருவார்கள் என்பதைத் தவிர அவருக்கு வேறு வேதாந்தம் கிடையாது.

யெலிட்சாவுக்குத் தலைநகரில் அரசாங்க உத்தியோகம். நாட்டின் பெருமையை இணையத்தில் ஏற்றி வெளிநாட்டார் மனசைப் பிடிக்க வேண்டும். கொள்ளைநோய் வந்து உலகமே முகக்கவசத்துக்கு அடித்துக்கொண்ட வருஷம், அவள் நாடு பக்கத்து நாட்டுக்கு ஆக்சிஜன் கருவிகளை லாரி லாரியாக அனுப்பியது. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பதெல்லாம் கேமரா வருவதற்கு முந்தைய காலத்துப் பேச்சு.

எல்லையோரம் என்பதால் லாரிகள் லுகாவிட்சாவிலிருந்துதான் கிளம்பின. முதல் படத்தை யெலிட்சாதான் ஏற்றினாள். கொடி கட்டிய லாரி, சிரிக்கிற அதிகாரி, பின்னால் லிண்டன் மரம். மரத்தில் பட்டை தெரியாத அளவுக்குக் கறுப்புக் கரைத் தாள்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் அந்த மரத்தை மட்டும் பெரிதாக்கிப் போட்டு, தானம் கொடுக்கிறவன் வீட்டுச் சாவை முதலில் எண்ணச் சொல்லி இணையத்தில் கேலி பேசிக் கிழித்துவிட்டார்கள். மேலதிகாரி நெபோய்ஷா அன்று முழுக்க எரிந்து விழுந்தார்.

அதற்குப் பிறகு எந்தப் படம் வந்தாலும் தாள்களைக் கணினியில் அழித்து, மேலே மரப்பட்டையை வரைந்துவிடுவது அவள் வேலையாயிற்று. ரொட்டிக் கடைக்காரரை அழித்தாள். தன் பள்ளிப் பேருந்து ஓட்டியவரை அழித்தாள். முதலில் ஒவ்வொரு பெயரையும் படித்துவிட்டு அழித்தாள். பிறகு பழகிவிட்டது. அதுதான் கொடுமை.

அப்பாவுக்கும் நோய் வந்து லுகாவிட்சா மருத்துவ நிலையத்திலேயே சேர்த்தார்கள். போனில் மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"ராசாத்தி, எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, கண்ணு மட்டத்துல ஒட்டச் சொல்லு. கீழ ஒட்டுனா நாய்தான் படிக்கும்."

"சும்மா இருங்கப்பா. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"ஆகலைன்னா நல்லதுதான். ஆனா ஆளு வரணும்டி. நான் எத்தனை பேருக்குப் போயிருக்கேன்."

அவள் அழுதுகொண்டே சத்தியம் செய்து கொடுத்தாள்.

அடுத்த லாரிகள் கிளம்புவதை வீடியோவாக எடுக்க முடிவாயிற்று. அசைகிற படத்தில் தாளை அழிப்பது லேசில்லை. அப்பா தேறி வருகிறார் என்று தம்பி மிலுடின் சொல்லியிருந்ததால் அவள் மனசும் லேசாக இருந்தது. யாரும் கேட்காமலே அவளாகவே ஒரு யோசனை சொன்னாள்: படப்பிடிப்பன்று விடியும்போதே நகராட்சி ஆட்கள் மரத்தைச் சுத்தம் செய்துவிடட்டும். நெபோய்ஷா அசந்து போனார். உத்தரவை எழுதி அனுப்பியதும் அவள்தான்.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் அப்பா போய்விட்டார்.

கிடைத்த பேருந்தைப் பிடித்து மறுநாள் மத்தியானம் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். வழியெல்லாம் அழுத அழுகையில் மரம் ஞாபகத்துக்கே வரவில்லை. அங்கே மூடிய பெட்டி, பாதிரியார், குழி தோண்டுகிறவர், மிலுடின். சாவுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கரண்டி தின்னும் சர்க்கரை கலந்த கோதுமை ஒரு பெரிய பாத்திரம் நிறைய, பிளம் சாராயம், அடுக்கிய கோப்பைகள். ஊருக்கென்று செய்து வைத்திருந்தான். ஊர்தான் வரவில்லை. பாதிரியார் வாசலைப் பார்த்துப் பார்த்து ஜெபத்தை இழுத்தார். எவ்வளவுதான் இழுப்பார், பாவம். பெட்டியைக் குழியில் இறக்கினார்கள்.

"நோய்க்குப் பயந்துட்டாங்கடா" என்றாள்.

"போன மாசம் ரொட்டிக் கடைக்காரருக்கு இதே இடத்துல தள்ளித் தள்ளி நின்னாங்களேக்கா. அப்ப மட்டும் பயமில்லையா?"

குழி தோண்டுகிறவர் தொப்பியைக் கழற்றினார். "யாருக்குமே தெரியாதுப்பா. நான் காலையில மரத்தைத் தாண்டித்தான் வந்தேன். ஒரு தாள் இல்ல. தண்ணி பீய்ச்சிக் கழுவி வச்சிருக்கான்."

"நேத்து சாயங்காலம் என் கையால ஒட்டினேன்" என்றான் மிலுடின். "கண்ணு மட்டத்துல. எந்தப் படுபாவி கிழிச்சான்?"

தான் எழுதி அனுப்பிய உத்தரவு யெலிட்சாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கையிலிருந்த போன் துடித்தது. நெபோய்ஷாவின் செய்தி. காலையில் எடுத்து ஏற்றிய வீடியோவை அதற்குள் லட்சக்கணக்கில் பார்த்துவிட்டார்களாம், மந்திரியே பாராட்டினாராம். கடைசியில் ஒரு வரி: 'மரம் பளிச்சென்று இருக்கிறது. எல்லாம் உன் யோசனை.'

போனைத் தம்பியிடம் நீட்டினாள்.

மிலுடின் படித்தான். மறுபடியும் படித்தான். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோதுமைப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தான்.

"சாப்பிடு" என்றான். "ஊருக்குன்னு செஞ்சது. நீயே தின்னு தீரு."